ஐபைத்தான்: ஞாபகசக்தி கொஞ்சம் ஜாஸ்தி

கொற்கை இரண்டு தடவை வந்திருந்தது.

தென்கடற்கரைத் துறைமுகங்களைப் பற்றிய புத்தகம் அது. கடைசியில் சொல்லடைவு. புரூஃபைப் புரட்டிய அண்ணாச்சி பேனாவால் இரண்டு வட்டம் போட்டு என் மேசையில் வைத்தார். "ஏம்மா, கொற்கைன்னு ரெண்டு ஊரா இருக்கு? கெடிலத்துக்கும் கேரளத்துக்கும் நடுவுல ஒண்ணு, கைக்கோளருக்கு அடுத்தாப்ல ஒண்ணு. பக்க நம்பரும் வேற வேற."

பாளையங்கோட்டையில் ஒரு டிடிபி கடையில் பதினோரு வருஷமாக இருக்கிறேன். டைப்செட்டிங்தான் வேலை. நாலு வருஷமாகச் சொல்லடைவு, ஃபான்ட் மாற்றம், பிழை தேடல் எல்லாவற்றுக்கும் பைத்தான் என்ற நிரல்மொழியை வைத்துக்கொள்கிறேன். பைத்தான் என்றால் எனக்குப் பெரும்பாலும் ஐபைத்தான்தான். ஒரு வரி தட்டினால் உடனே பதில் சொல்லும் ஷெல். அதைப் பற்றித்தான் இந்த விமர்சனம். கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். நீங்கள் தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

முதலில் கொற்கையை முடித்துவிடுகிறேன். இரண்டு கொற்கையையும் சொல்லடைவிலிருந்து காப்பி செய்து, அ, ஆ என்று இரண்டு மாறிகளில், அதாவது மதிப்பைப் பிடித்துவைக்கும் பெயர்களில், போட்டேன். (ஆமாம், பைத்தான் 3-இல் மாறிக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம்.)

இன் [3]: லென்(அ), லென்(ஆ)
அவுட் [3]: (6, 7)

இன் [4]: லிஸ்ட்(ஆ)
அவுட் [4]: ['க', 'ெ', 'ா', 'ற', '்', 'க', 'ை']

லென் எத்தனை குறி என்று எண்ணும், லிஸ்ட் அவற்றைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும். அங்கேயே தெரிந்துவிட்டது. நான் தட்டிய கொற்கையில் 'ொ' என்பது ஒரே குறி. மற்றதில் ஒற்றைக்கொம்பு தனி, துணைக்கால் தனி. திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் நிற்கும். ஆசிரியர் மூன்று அத்தியாயங்களைப் பழைய பாமினி எழுத்துருவில் கொடுத்திருந்தார். பாமினியில் கொம்பு, க, கால் என்று மூன்று சாவி தட்டுவோம் இல்லையா? மாற்றும் நிரல் கொம்பைப் பின்னால் தள்ளிவிட்டு, காலோடு சேர்க்காமல் அப்படியே விட்டிருக்கிறது. கணினிக்கு அது 'கெ'யில் தொடங்கும் சொல். அதனால்தான் கெடிலத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

எழுத்துகளின் விவரங்களை வைத்திருக்கும் யூனிகோட்டேட்டா என்ற மாட்யூலை இம்போர்ட் செய்து, 'யூனிகோட்டேட்டா.நார்மலைஸ்?' என்று கேள்விக்குறியோடு தட்டினேன். எப்படிப் பயன்படுத்துவது என்று அங்கேயே விளக்கம் வந்தது. ஒரு கேள்விக்குறி போட்டால் விளக்கம். இரண்டு போட்டால், பைத்தானிலேயே எழுதிய ஃபங்ஷனாக இருக்கும்பட்சத்தில் மூல நிரலும் வரும். பிரிந்து கிடக்கும் குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் என்எஃப்சி என்ற வடிவத்துக்கு மாற்றச் சொல்லி, அடுத்த வரியில் கீழ்க்கோடு மட்டும் போட்டு '_ == அ' என்று கேட்டேன். கீழ்க்கோடு என்றால் கடைசியாக வந்த விடை. 'ட்ரூ' என்றது. கேள்வி எழுந்ததிலிருந்து விடை வரை ஏழெட்டு வரி. ஃபைல் திறக்கவில்லை, சேவ் பண்ணவில்லை, பிரின்ட் போடவில்லை.

இதில் ஒரு வேடிக்கை. சரத்துக்குள், அதாவது மேற்கோள் குறிக்குள், இருக்கும் இந்த இரண்டு 'கொ'வையும் பைத்தான் வேறு வேறாகப் பார்க்கும். அதையே மாறியின் பெயராக வைத்தால் இரண்டும் ஒன்றுதான், ஏனென்றால் பெயர்களை மட்டும் பைத்தான் தானே இயல்பாக்கிக்கொள்ளும். இதுவும் ஷெல்லில் விளையாடும்போது கண்டுபிடித்ததுதான். எந்தக் கையேட்டையும் தேடிப்போய்ப் படிக்கவில்லை.

சரி, சரக்குக்கு வருவோம். ஐபைத்தான் இலவசம், பிஎஸ்டி உரிமம், 'பிப் இன்ஸ்டால் ஐபைத்தான்' என்று ஒரு வரியில் வந்துவிடும். 2001-இல் கொலராடோவில் இயற்பியல் ஆய்வு மாணவராக இருந்த பெர்னாண்டோ பெரஸ், ஆய்வேடு எழுதவேண்டிய நேரத்தில் தனக்காக எழுதிக்கொண்டது. முதல் வடிவம் 259 வரி. அவர் முன்பு பழகிய மேத்தமேட்டிகா என்ற கணித மென்பொருளில் ஒவ்வொரு கேள்விக்கும் விடைக்கும் எண் இருக்கும். அந்த இன்-அவுட் எண் வரிசை அங்கிருந்து வந்ததுதான். பிற்பாடு இதிலிருந்தே பிரவுசரில் ஓடும் நோட்புக் முளைத்து, 2014-இல் ஜூப்பிட்டர் என்று தனிக்குடித்தனம் போனது. எல்லோரும் இப்போது ஜூப்பிட்டரைத்தான் பேசுகிறார்கள். எனக்கு பிரவுசர் வேண்டாம். கருப்புத் திரை போதும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது அதன் ஞாபகம். தட்டிய ஒவ்வொரு வரியையும் எஸ்க்யூலைட் என்ற ஒரு தரவுத்தளக் கோப்பில் எழுதி வைத்துக்கொள்கிறது. கணினியை அணைத்தாலும் போகாது. கொற்கை விவகாரம் முடிந்து மூன்று மாதம் கழித்து இன்னொரு புத்தகத்தில் அதே தொல்லை. என்ன தட்டினேன் என்பது சுத்தமாக மறந்துபோயிருந்தது. '%ஹிஸ்டரி -ஜி நார்மலைஸ்' என்று போட்டேன். (% போட்டுத் தொடங்குபவை ஐபைத்தானின் சொந்தக் கட்டளைகள்.) அந்தச் சொல் வந்த எல்லா வரியும் எந்த அமர்வு, எத்தனையாவது வரி என்ற எண்ணோடு வந்து நின்றது. வெறும் மேல் அம்புக்குறியை மட்டும் நம்பி ஐம்பது தடவை தட்டுகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். முதல் இரண்டு எழுத்தைத் தட்டிவிட்டு மேல் அம்பை அழுத்தினால், அந்த எழுத்தில் தொடங்கும் பழைய வரிகள் மட்டும் வரும். நடுவில் உள்ள சொல்தான் ஞாபகம் இருக்கிறதென்றால் கன்ட்ரோல்-ஆர். 8-ஆம் பதிப்பிலிருந்து நாம் தட்டத் தட்டவே பழைய வரி மங்கலாக முன்னால் நீளும்; வேண்டுமென்றால் வலது அம்பு. நாம் பேச ஆரம்பித்ததும் வாக்கியத்தை முடித்துவைக்கும் உறவுக்காரரைப் போல அது, சில நாள் சுகம், சில நாள் எரிச்சல்.

ஷெல்லில் கிடைத்ததை வெளியே எடுத்துப்போக '%சேவ்'. '%சேவ் கொற்கை 3-9' என்றால் 3 முதல் 9 வரையுள்ள வரிகளை மட்டும் ஒரு பைத்தான் கோப்பாக எழுதிக் கொடுத்துவிடும். அதில் உளறிய வரி இரண்டை அழித்தால் நிரல் ரெடி. என் சின்ன நிரல்களில் பாதிக்கு மேல் இப்படிப் பிறந்தவைதான்.

அப்புறம் '%டீபக்'. இதற்காக மட்டுமேகூட ஐபைத்தானை வைத்துக்கொள்வேன். சொல்லடைவு நிரல் ஒரு நாள் நடுவில் செத்தது. பக்க எண்ணை முழு எண்ணாக மாற்றும் வரியில் வேல்யூ எரர். பொதுவாக என்ன செய்வோம்? அங்கங்கே பிரின்ட் போட்டு மறுபடி ஓட்டுவோம். இங்கே அது வேண்டாம். பிழை வந்த கையோடு '%டீபக்' என்று தட்டினால், செத்த இடத்துக்கே கூட்டிப்போய் நிறுத்தும். அந்த நேரத்தில் எந்த மாறியில் என்ன இருந்தது என்று பெயரைச் சொல்லிக் கேட்டுப் பார்க்கலாம். 'யூ' என்று ஒரு எழுத்து தட்டினால் ஒரு படி மேலே, அதாவது இந்த ஃபங்ஷனைக் கூப்பிட்ட இடத்துக்கு. மேலே போய்ப் பார்த்தால் முன்னுரைக்கான பதிவு. பக்க எண் '௰௨'.

முன்னுரைப் பக்கங்களுக்கு ஆசிரியர் தமிழ் எண் போடச் சொல்லியிருந்தார். பழைய முறையில் பன்னிரண்டு என்றால் பத்துக்குறியும் இரண்டும். ஷெல்லில் 'இன்ட்' ஃபங்ஷனிடம் '௪௫' என்று கொடுத்துப் பாருங்கள், சமர்த்தாக 45 என்று சொல்லும். தமிழ் இலக்கங்கள் அதற்குத் தெரியும். ஆனால் ௰ இலக்கம் இல்லை, பத்து என்ற மதிப்புள்ள குறி. அதனால்தான் தடுக்கி விழுந்தது. 'யூனிகோட்டேட்டா.நியூமெரிக்' என்று கேட்டால் ௰-க்கு 10.0 என்று சரியாகவே சொல்கிறது. இதையெல்லாம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

இனி குறைகள். எந்த ஞாபகத்தை இவ்வளவு நேரம் புகழ்ந்தேனோ அதில்தான் குறையும் இருக்கிறது.

கடையில் கூட வேலை பார்க்கும் தம்பியிடம் ஒரு நிரலை அனுப்பினேன். "அக்கா, உங்க நிரல் ஓடல. சுத்தம்னு ஒண்ணு இல்லவே இல்லைங்குது" என்றான். என் கணினியில் காலையிலிருந்து பத்துத் தடவை ஓடிய நிரல் அது. பார்த்தால், 'சுத்தம்' என்ற ஃபங்ஷனை நான் ஷெல்லில் தட்டியிருக்கிறேன், கோப்பில் எழுதவேயில்லை. '%ரன் -ஐ' என்று ஓட்டிக்கொண்டிருந்ததால், கோப்பில் இல்லாததை ஷெல் தன் கையிலிருந்து கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. அந்த '-ஐ' இல்லாமல் வெறும் '%ரன்' போட்டால் நிரல் காலி அறையில் ஓடும், இல்லாதது இல்லை என்று உடனே தெரிந்துவிடும். இப்போதெல்லாம் யாருக்கும் அனுப்பும் முன்பு வெறும் '%ரன்' ஒரு தடவை. ஷெல்லையும் நாள் கணக்கில் திறந்து வைப்பதில்லை. வரிகள்தான் ஹிஸ்டரியில் பத்திரமாக இருக்கின்றனவே, மூடினால் என்ன போய்விடப்போகிறது?

இரண்டாவது, நினைவகம். ஒரு பழைய பத்திரிகைத் தொகுப்பை ஸ்கேன் செய்து எடுத்த ஓசிஆர் எழுத்து மொத்தத்தையும் ஏற்றி வேலை செய்துகொண்டிருந்தேன். என் லேப்டாப் 8 ஜிபி. மூச்சு வாங்க ஆரம்பித்ததும் பட்டியலை 'டெல்' போட்டு அழித்தேன். நினைவகம் இறங்கவில்லை. மறுபடி அழிக்கப் பார்த்தால் அப்படி ஒரு பெயரே இல்லை என்கிறது. ஆனால் இடம் மட்டும் பிடித்தபடி இருக்கிறது. விஷயம் என்னவென்றால், திரையில் காட்டிய ஒவ்வொரு விடையையும் 'அவுட்' என்ற தன் பெட்டிக்குள்ளும் அது பிடித்து வைத்துக்கொள்கிறது. நான் பெயரைத்தான் அழித்தேன். பெட்டிக்குள் சாமான் அப்படியே கிடக்கிறது. '%ரீசெட் அவுட்' என்று தட்டிய பிறகுதான் விட்டது. இப்போது பெரிய பட்டியல் எதையும் வெறுமனே பெயர் தட்டிப் பார்ப்பதில்லை. முதல் பத்து உறுப்பை மட்டும் கேட்பேன். விடையைப் பார்க்கவே வேண்டாம் என்றால் வரியின் கடைசியில் ஒரு அரைப்புள்ளி. காட்டாது, பெட்டியிலும் போடாது. புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே இதைச் சொல்லித்தர வேண்டும், யாரும் சொல்வதில்லை.

கீழ்க்கோட்டிலும் ஒரு கண்ணி உண்டு. லூப் எழுதும்போது வேண்டாத மாறிக்குக் கீழ்க்கோட்டையே பெயராக வைப்பது பலருக்குப் பழக்கம். ஷெல்லில் அப்படி ஒரு லூப் ஓட்டிவிட்டால், அதன் பிறகு கீழ்க்கோடு கடைசி விடையைக் காட்டாது, லூப் விட்டுப்போன எண்ணையே பிடித்துக்கொண்டு நிற்கும். 'டெல் _' போட்டால் சரியாகிவிடும்.

கோப்பில் ஒரு ஃபங்ஷனைத் திருத்திவிட்டு ஷெல்லில் மறுபடி இம்போர்ட் செய்கிறீர்கள், பழையதுதான் ஓடுகிறது. இது பைத்தானின் குணம். ஒரு தடவை ஏற்றிய மாட்யூலை மறுபடி படிக்காது. 'ஆட்டோரீலோட்' என்ற நீட்சியை ஏற்றி, '%ஆட்டோரீலோட் 2' என்று வைத்தால் ஒவ்வொரு வரிக்கு முன்பும் மாறிய கோப்புகளைப் பார்த்து ஏற்றிக்கொள்ளும். சின்னத் திருத்தங்களுக்குச் சரிதான். பெரிதாக மாற்றினால் நான் அதை நம்புவதில்லை, மூடித் திறந்துவிடுவேன்.

நேரம் அளக்க '%டைம்இட்' இருக்கிறது. பலமுறை ஓட்டிச் சராசரி சொல்லும், எனக்கு அவ்வளவாகத் தேவைப்பட்டதில்லை. கோப்புகளின் பட்டியல் வேண்டுமென்றால் ஆச்சரியக்குறி போட்டு டெர்மினல் கட்டளையையே தட்டி, வருவதை ஒரு மாறியில் வாங்கிக்கொள்ளலாம், அது தினமும் உதவுகிறது. '>>>' குறியோடு இருக்கும் உதாரணங்களை அப்படியே ஒட்டினாலும் குறியைத் தானே உரித்துவிட்டு ஓட்டும். டேப் தட்டினால் மிச்சப் பெயர் வரவேண்டும். பெரிய லைப்ரரிகளில் அது யோசித்துக்கொண்டே நிற்பதுண்டு. மிச்சப் பெயரை ஊகிக்கும் ஜெடி என்ற பகுதியை அமைப்பில் அணைத்துவிட்டால் வேகம் பிடிக்கும். தினமும் இம்போர்ட் செய்வதை எல்லாம் ஸ்டார்ட்அப் ஃபோல்டரில் ஒரு கோப்பாகப் போட்டு வையுங்கள். திறக்கும்போதே தயாராக இருக்கும். ஆனால் அங்கே நிறையப் போட்டால் தம்பி சொன்ன அதே பிழைதான் திரும்ப வரும்.

"பைத்தானோடு வரும் ஷெல் போதாதா?" என்று தம்பியே கேட்டான். முன்பென்றால் யோசிக்காமல் போதாது என்றிருப்பேன். வெளியே போக 'எக்ஸிட்' என்று தட்டினால் போகாமல், அடைப்புக்குறி போட்டுத் தட்டு என்று நமக்குப் பாடம் நடத்தும் ஷெல் அது. 2024 அக்டோபரில் வந்த பைத்தான் 3.13-இல் அதையே புதிதாக மாற்றிவிட்டார்கள். பைபை என்ற இன்னொரு பைத்தான் திட்டத்தின் ஷெல்லிலிருந்து எடுத்துச் செய்தது. வண்ணம் உண்டு. பல வரி ஃபங்ஷனை மேல் அம்பால் முழுசாக வரவழைத்துத் திருத்தலாம். முன்பு வரி வரியாக வந்து உயிரை வாங்கும். எஃப்2 தட்டினால் குறிகள் இல்லாத சுத்தமான ஹிஸ்டரி, எஃப்3 ஒட்டுவதற்கு. எக்ஸிட் என்றால் மறுபேச்சில்லாமல் போகிறது. 3.14-இல் தட்டத் தட்டவே நிரலுக்கு வண்ணம் வருகிறது. எப்போதாவது இரண்டு வரி கேட்டுப் பார்ப்பவருக்கு இதுவே தாராளம். அவன் கணினியில் ஐபைத்தான் போட வேண்டாம் என்றுதான் சொன்னேன். '%டீபக்'கும், பழைய அமர்வுகளில் தேடுவதும் வேண்டும் என்கிறவர்கள் மட்டும் போடுங்கள். பிபைத்தான், பிடிபைத்தான் என்றும் இரண்டு ஷெல் இருக்கின்றன. பிபைத்தானில் கடைசி வரியைத் 'திரும்ப எடுத்துக்கொள்ளும்' வசதி அருமை, மற்றபடி எனக்கு ஒட்டவில்லை.

தமிழில் தட்டுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. என் டெர்மினலில் தமிழ் எழுத்து வந்தால் கர்சர் தடுமாறும். கண்ணுக்குத் தெரியும் இடம் ஒன்று, எழுத்து விழும் இடம் இன்னொன்று. இதற்கு ஐபைத்தானை மட்டும் குறை சொல்ல முடியாது, டெர்மினலுக்கும் பங்கு உண்டு. நீளமான தமிழ் வரியை ஷெல்லில் திருத்தாதீர்கள். '%எடிட்' என்று போட்டால் உங்கள் எடிட்டர் திறக்கும், அதில் எழுதிச் சேமித்து மூடினால் ஷெல்லில் ஓடிவிடும்.

வரிசைப்படுத்துவதிலும் பைத்தானை அப்படியே நம்பாதீர்கள். மலை, மழை, மறை என்று மூன்று சொல்லை 'சார்ட்டட்' என்ற ஃபங்ஷனிடம் கொடுத்தேன். மறை, மலை, மழை என்று திருப்பிக் கொடுத்தது. யூனிகோடில் ற, ல-வுக்கு முன்னால் நிற்கிறது; நம் அகராதியிலோ ற, ன இரண்டும் கடைசி. ஓப்பன் தமிழ் லைப்ரரி கொண்டு சொல்லை எழுத்து எழுத்தாகப் பிரித்து, நானே வரிசை கொடுத்துச் சரிசெய்தேன். கொற்கைக்கு முன்பே செய்திருக்க வேண்டிய வேலை.

ஔவையார் கதை மட்டும் பாக்கி. என்எஃப்சி போட்டதும் எல்லா இரட்டையும் ஒன்றாகிவிட்டன, ஔவையாரைத் தவிர. பாதிப் பேர் 'ஔ' தட்டுவதற்குப் பதில் 'ஒ'வும் 'ள'வும் தட்டி வைத்திருக்கிறார்கள். பார்வைக்கு ஏறக்குறைய அதேதான், ஆனால் இது குறியாக்கக் கோளாறு இல்லை, எழுத்தே வேறு. எந்த நார்மலைஸும் தொடாது. 'ஒள' வரும் இடமெல்லாம் 'ஔ' என்று மாற்றிவிடலாமே என்று ஷெல்லில் ஐந்து சொல்லை வைத்து ஒரு வரி போட்டுப் பார்த்தேன். ஔவை சரியானாள், 'ஒளி' என்ற சொல் 'ஔ'வின் தலையில் ஒரு விசிறி ஒட்டிக்கொண்டு அலங்கோலமாக வந்து நின்றது. முழுக் கோப்பில் ஓட்டியிருந்தால் புத்தகத்தில் ஒரு கலங்கரை விளக்கத்துக்கும் ஒளி இருந்திருக்காது. அதனால் அதைக் கையால் திருத்துவதாகக் குறித்துவைத்தேன். புரூஃப் அவசரத்தில் விட்டுவிட்டேன்.

இரண்டாம் புரூஃபில் அண்ணாச்சி மறுபடி வட்டம் போட்டுக்கொண்டு வந்தார். கொற்கை ஒன்றுதான். ஔவையார் இரண்டு. நான் வாயைத் திறக்கும் முன்பே, "இதை வேணும்னா விட்ருவோமாம்மா? ஔவையார் ஒருத்தர் இல்லன்னுதானே படிச்சவங்களே சொல்லுதாங்க" என்றார்.